நாக்கைக் கேட்டு வாங்கும் மூலிகை

பிரியாணி அடுப்பில் இருக்கும்போது எழும் அன்னாசிப்பூ வாசனையை அறியாத வீடு இன்று குறைவு. எட்டு முனை கொண்ட அந்தக் காய், தென்சீனத்துக்கும் வியட்நாமுக்கும் உரிய ஒரு மரத்தில் காய்ப்பது. நாட்டு மருந்துக் கடையில் நிறுத்துத் தரும் பறங்கிப்பட்டையும் சீனத்துக் கொடி ஒன்றின் கிழங்குதான். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா, 1563-இல் அச்சான தம் நூலில் இந்தச் சீனக் கிழங்குக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். பின்னர் அது சித்த மருத்துவத்துக்குள் வந்து பறங்கிப்பட்டைச் சூரணமாக நிலைத்தது. சீன மூலிகைக்கும் நமக்கும் உள்ள பழக்கம் நேற்று வந்ததில்லை.

தேநீருக்கென்றே வரும் சீன மூலிகைப் பொட்டலங்கள்தான் புதிது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் காய்ந்த செவ்வந்திப் பூ இருக்கிறது. கோஜி பெர்ரி என்னும் சிவந்த பழம் இருக்கிறது. சிவப்புப் பேரீச்சை என்று அங்கே சொல்லப்படும் சீன இலந்தை இருக்கிறது. இணையக் கடைகளும் இவற்றை நாகர்கோவில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகின்றன. ஆசையாக வாங்குகிறவர் உறையைத் திருப்பிப் பார்த்தால் கண்ணுக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, எடை குறையும் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. எதை வாங்குவது, எதோடு எதைச் சேர்ப்பது என்று குழம்பிப் போகிறார். முதல் முறை போட்ட தேநீர் கஷாயமாகக் கசக்கிறது. மிச்சப் பொட்டலம் அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது.

அந்தப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவையிலிருந்து தொடங்கலாம். தினம் குடிக்கப்போகும் ஒரு பானத்துக்கு முதல் தகுதி, குடிக்கப் பிடிப்பது. சுவையறிந்து தேர்ந்தெடுக்கும் பயிற்சி நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சிறு வயதிலேயே கிடைத்துவிடுகிறது. இங்கே கல்யாண இலையில் இஞ்சிப் பச்சடி ஒரு ஓரத்தில், நார்த்தங்காய் இன்னொரு ஓரத்தில், நடுவில் அவியல், கடைசியில் பாயசம். எரிப்பும் புளிப்பும் இனிப்பும் துவர்ப்பும் ஒரே பந்தியில் வந்து போகின்றன. எதற்குப் பின் எது வந்தால் நாக்கு கேட்கும் என்று பரிமாறுகிறவருக்கும் தெரியும், சாப்பிடுகிறவருக்கும் தெரியும். அந்த அறிவை அப்படியே தேநீர்ப் பாத்திரத்துக்குக் கொண்டுவர முடியும்.

ஐந்து சுவையும் ஆறு சுவையும்

சீன மருத்துவம் சுவையை ஐந்தாகப் பிரிக்கிறது: புளிப்பு, கைப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு. நம் மரபு துவர்ப்பையும் சேர்த்து ஆறு என்கிறது. ஹான் பேரரசின் காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'ஷென்னாங் பென்சாவ் சிங்' என்ற சீன மூலிகை நூல் 365 சரக்குகளைப் பேசுகிறது. ஒவ்வொன்றுக்கும் அதன் சுவை என்ன, அது சூடா குளிர்ச்சியா என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் எந்த நோய்க்கு ஆகும் என்று போகிறது. சித்த மருத்துவமும் ஒவ்வொரு சுவையிலும் ஐம்பூதங்களில் இரண்டு கூடியிருப்பதாகச் சொல்கிறது. இனிப்பில் மண்ணும் நீரும்; கார்ப்பில் காற்றும் தீயும். பப்பாளி சூடு, நுங்கு குளிர்ச்சி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பிரிப்பதும் இந்த வகைக் கணக்குதான்.

இந்தக் கொள்கைகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். தேநீர் போடத் தொடங்குகிறவருக்கு இதில் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. சரக்குகளைப் பெயரால் மனப்பாடம் செய்வதைவிடச் சுவையால் அடுக்கி வைத்துக்கொண்டால் எது எதோடு சேரும் என்பது தானாகத் தெரியவரும். ஒரு சரக்கு கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் என்ன போடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கார்ப்பு: சுக்கிலிருந்து தொடங்கலாம்

நாஞ்சில் நாட்டில் மூலிகைத் தேநீரின் அரிச்சுவடி சுக்குக் காப்பி. பெயரில் காப்பி இருந்தாலும் அதில் காப்பிக்கொட்டை இருந்தாக வேண்டியதில்லை. சுக்கு, மல்லி, நாலைந்து மிளகு, கருப்பட்டி, கைக்கு எட்டினால் துளசி. கார்ப்பு முன்னால் நிற்கிறது, கருப்பட்டியின் இனிப்பு அதைத் தாங்குகிறது, மல்லி வாசனை தருகிறது. நல்ல மூலிகைத் தேநீருக்கு வேண்டிய மூன்றும் இந்த ஒரு டம்ளருக்குள்ளேயே இருக்கின்றன.

சுக்கை முழுத் துண்டாக வாங்குவது நல்லது. இரண்டாக ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். உள்ளே வெளிர்மஞ்சள் நிறமும் மெல்லிய நாரும் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் எலுமிச்சையின் சாயல் கொண்ட வாசனை வரும். வளைந்து நெளிந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். மேலே வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்பு நீரில் முக்கி உலர்த்தியதாக இருக்கலாம். சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்பது வைத்தியர்களிடையே உள்ள வழக்கு. தோலைச் சீவிவிட்டு, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டால் சாறு தெளிவாக இறங்கும். பொடியாகப் போட்டால் அடியில் வண்டலாகத் தங்கித் தொண்டையைப் பிடிக்கும்.

பச்சை இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்கு என்றாலும் சுவையில் வேறு வேறு. இஞ்சியின் எரிப்புக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. ஷோகாலின் எரிப்பு இன்னும் கடுமை. இதனால்தான் விரல்நுனி அளவு சுக்கு செய்யும் வேலைக்கு இரண்டு மடங்கு இஞ்சி தேவைப்படுகிறது. சீன மருத்துவமும் பச்சை இஞ்சியையும் சுக்கையும் இரண்டு தனிச் சரக்குகளாகவே கணக்கு வைத்திருக்கிறது. சீன வீடுகளில் இஞ்சியோடு பழுப்புச் சர்க்கரை போட்டுக் காய்ச்சிக் குடிப்பது சாதாரணம். கருப்பட்டி இருக்கும் ஊரில் பழுப்புச் சர்க்கரையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

கார்ப்பில் அடுத்தது கிராம்பு. இது கன்னியாகுமரி மாவட்டத்தின் பெருமை. மாறாமலை, வெள்ளிமலைப் பக்கத்து மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. பூ மலர்வதற்கு முன், மொட்டு இளஞ்சிவப்பு காணும் பருவத்தில், மரமேறிக் கையால் பறித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். நல்ல கிராம்பை அடையாளம் காண விரல் நகமே போதும். தலைக்குக் கீழே அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். படுத்தபடி மிதந்தால் அதன் எண்ணெயை யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். தேநீருக்கு ஒரு டம்ளருக்கு ஒரு கிராம்பு போதும். இரண்டாவது போட்டால் யூஜினால் எண்ணெய் நாக்கை மரக்கடித்து மற்ற எல்லாச் சுவையையும் மூடிவிடும்.

பட்டை வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, முரட்டுப் பட்டை பெரும்பாலும் சீனத்தையும் வியட்நாமையும் சேர்ந்த காசியா. அது ஒரே அடுக்காகச் சுருண்டிருக்கும். கையால் ஒடிப்பது கடினம். இலங்கைப் பட்டை தாள் கனத்தில் பல அடுக்காகச் சுருட்டப்பட்டிருக்கும்; விரலால் நெரித்தாலே நொறுங்கும். காசியாவில் காரமும் இனிப்பும் தூக்கல், இலங்கைப் பட்டையில் மென்மையும் பூவாசனையும் தூக்கல். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம்; அது அளவு மீறி நாள்தோறும் உள்ளே போனால் கல்லீரலைப் பாதிக்கும். பிரியாணிக்கு எப்போதாவது போடுவதில் தவறில்லை. தினமும் தேநீரில் போடுகிறவர் இலங்கைப் பட்டைக்கு மாறுவதே சரி. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைப் பட்டைக்குப் புவிசார் குறியீடு வழங்கியது.

சித்தரத்தையையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இஞ்சிக் குடும்பம், கற்பூரமும் மிளகும் கலந்த வாசனை. இருமலுக்கு இங்கே வாயில் அடக்கிக்கொள்ளும் அந்த வேர் சீன மருந்துக் கடையிலும் உண்டு. சுக்கு பழகிய பிறகு அரைச் சிட்டிகை அளவில் முயன்று பார்க்கலாம்.

இனிப்பு: சர்க்கரை இல்லாமல்

சீன மூலிகைத் தேநீரில் புதியவர்களுக்கு உடனே பிடித்துப் போவது இனிப்புச் சரக்குகள். சீன இலந்தை நம் ஊர் இலந்தைக்கு நெருங்கிய உறவு. நம்முடையது புளிப்பும் இனிப்பும் கலந்தது. அவர்களுடையது உலர்ந்தபின் பேரீச்சையின் இனிப்பும் ஆப்பிளின் வாசனையும் தருவது. முழுதாகப் போட்டால் சுவை இறங்காது. கத்தியால் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, மூன்று பழத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும்.

வடமேற்குச் சீனத்தின் நிங்சியா வட்டாரத்துக் கோஜி பெர்ரி பேர் போனது. தக்காளி, கத்தரி, மணத்தக்காளி இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. வாயில் போட்டு மென்றால் உலர்ந்த திராட்சையின் இனிப்புக்குப் பின்னால் தக்காளியின் சாயல் தட்டுப்படும். தனியாகப் போட்டால் தேநீர் சப்பென்று இருக்கும். பூவோடும் இலந்தையோடும் சேரும்போதுதான் அதற்கு எடுப்பு.

இனிப்பில் நமக்கு நன்றாகத் தெரிந்த பொதுச் சரக்கு அதிமதுரம். சீனர்கள் கான்சாவ் என்கிறார்கள். மற்றச் சரக்குகளின் முரட்டுத்தனத்தைத் தணித்து ஒன்றாக இணைக்கும் என்பதால் அவர்களுடைய கஷாயங்களில் மிகப் பலவற்றில் அதற்கு இடம் உண்டு. அதிலுள்ள கிளிசிரைசின் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் முதலில் மரக்கட்டையை மெல்லும் உணர்வுதான் வரும். சற்றுப் பொறுத்துத்தான் இனிப்பு தலைகாட்டும். வந்தபின் நெடுநேரம் நாக்கை விட்டுப் போகாது. இந்தத் தாமதத்தை அறியாமல், இனிக்கவில்லையே என்று இன்னொரு துண்டைப் போடுகிறவர்கள்தான் கடைசியில் குடிக்க முடியாமல் கீழே ஊற்றுகிறார்கள். இரண்டு டம்ளருக்குச் சுண்டுவிரல் நகத்தளவு போதும்.

குயிலின் நகரத்தைச் சுற்றி விளையும் லுவோ ஹான் குவோ என்ற உருண்டைக் காய் இதைவிடவும் இனிப்பு. ஒரு காயை உடைத்தால் நாலைந்து முறைக்கு வரும். சர்க்கரை வியாதிக்காரர்கள் இதை விரும்பி வாங்குவது உண்டு. கொஞ்சம் புகை வாசனை அடிக்கும் என்பதால் எல்லோருக்கும் முதல் மடக்கிலேயே பிடித்துவிடாது.

மணம்: தோவாளையில் பூக்கும் பாடம்

சுவை என்று நாம் சொல்வதில் பாதி மூக்கின் வேலை. சளி பிடித்தவருக்குச் சாப்பாடு ருசிக்காததே இதற்குச் சான்று. மணச் சரக்குகளில் சீனத்தின் முதல் பெயர் செவ்வந்தி. செஜியாங் மாகாணத்தின் தொங்சியாங் பகுதியில் தேநீருக்கென்றே வெள்ளைச் செவ்வந்தி பயிராகிறது. கொதித்து இறக்கிய தண்ணீரில் ஐந்தாறு பூவைப் போட்டு மூடி, நாலைந்து நிமிடம் விட்டால் வெளிர்மஞ்சள் சாறு கிடைக்கும். தேன் வாசனை, இலேசான இனிப்பு, முடிவில் ஒரு துளிக் கைப்பு. நேரம் கூடினால் அந்தக் கைப்பே முன்னால் வந்துவிடும்.

செவ்வந்தி என்றதும் நாஞ்சில் நாட்டுக்காரருக்குத் தோவாளைப் பூச்சந்தை நினைவுக்கு வரும். விடியலுக்கு முன்பே அங்கே பிச்சி, மல்லி, அரளி, கிரேந்தி, சிவந்தி எல்லாம் குவியல் குவியலாக வந்திறங்குகின்றன. சிவந்திக்கும் தேநீர்ப் பூவுக்கும் தாவர இயல்படி பெயர் ஒன்றே. ஆனாலும் மாலைக்கு வரும் பூவைத் தேநீரில் போடவே கூடாது. அது கண்ணுக்காகவும் சாமிக்காகவும் வளர்த்தது. பூச்சிமருந்து அடித்துப் பறித்தது. வாய்க்குப் போகும் பொருளுக்குரிய கட்டுப்பாடு எதுவும் அதற்குக் கிடையாது. கிரேந்தி வேறு செடி; அதைச் செவ்வந்தி என்று எண்ணிப் போட்டுவிடவும் கூடாது. தேநீருக்கென்று விற்கும் பூவைத்தான் வாங்க வேண்டும்.

மல்லிகையின் கதை இன்னும் சுவையானது. இந்தியாவிலிருந்தும் மேற்கு நாடுகளிலிருந்தும் சீனம் போய்ச் சேர்ந்த செடி அது. ஃபூசியான் மாகாணத்தின் ஃபூசோ நகரம் அதை வைத்து உலகப் புகழ்பெற்ற தேநீரை உண்டாக்கியது. அந்நகரின் மல்லிகைத் தேயிலைப் பண்பாட்டை 2014-இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் வேளாண் மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அங்கே பூவைத் தேநீரில் கொதிக்கவிடுவதில்லை. பகலில் பறித்த மொட்டைத் தேயிலையோடு கலந்து அடுக்குகிறார்கள். இரவில் மொட்டு விரிகிறது. தேயிலை வாசனையை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டுத் தேயிலையை உலர்த்துகிறார்கள். மறுநாள் புது மொட்டோடு மறுபடியும் அதையே செய்கிறார்கள். தரம் கூடக் கூட இந்தச் சுற்றுகளும் கூடும்.

மருந்தடிக்காத குண்டுமல்லிச் செடி வீட்டு முற்றத்தில் இருந்தால் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். மாலையில் ஒரு பிடி மொட்டை மெல்லிய துணியில் தளரக் கட்டி, பச்சைத் தேயிலை டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். காலையில் எடுத்துவிட்டு, தேயிலையை அகலத் தட்டில் பரப்பி நிழலில் நன்றாக உலரவிட வேண்டும். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். இரண்டு மூன்று இரவு செய்தால் வாசனை நன்றாகவே ஏறிவிடும்.

எலுமிச்சைப் புல், துளசி, ஏலக்காய், உலர்ந்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் இந்த மண வரிசையில் வருபவை. குவாங்டோங் மாகாணத்தின் சின்ஹுய் ஊரில் ஆரஞ்சு வகைத் தோலை ஆண்டுக்கணக்கில் பழமையாக்கி, சென்பி என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். மூன்றாண்டுகளாவது கழிந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். கமலா ஆரஞ்சுத் தோலைக் கழுவி, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியைச் சுரண்டிவிட்டு வெயிலில் காயவைத்தால் வீட்டிலேயே அதன் எளிய வடிவம் கிடைக்கும்.

புளிப்பு, துவர்ப்பு, கைப்பு

புளிப்புக்குச் சீனர்கள் உலர்ந்த ஹாத்தார்ன் பழத்தையும், புகையில் வாட்டிய ஒருவகைப் பிளம் பழத்தையும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பிளம்பழப் பானம் பெய்ஜிங்கின் கோடைக்காலக் குளிர்பானம். நமக்கு நெல்லிமுள்ளி இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, புளிச்சைக் குடும்பத்துச் செங்காய் இதழை உலர்த்தி விற்கும் செம்புளிச்சைத் தேநீரும் இருக்கிறது. மீன்குழம்புக்குப் போடும் குடம்புளியும் புளிப்புதானே என்று தோன்றலாம். அதன் புகை வாசனை குழம்புக்குத்தான் பொருந்தும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே பிழிய வேண்டும், கொதித்தால் கசந்துவிடும்.

துவர்ப்பைத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. தேயிலையே துவர்ப்பு. அதிகமாகக் கொதித்த கட்டன் சாயா நாக்கை இழுத்துப் பிடிப்பது அதனால்தான். ஆவாரம்பூவும் மாதுளைத் தோலும் துவர்ப்புச் சரக்குகள். துவர்ப்பு வாயைச் சுத்தமாக்கும், இனிப்பின் திகட்டலை அறுக்கும். அதிமதுரமோ சீன இலந்தையோ போட்ட தேநீர் அளவுக்கு மேல் இனித்தால் கால் சிட்டிகைப் பச்சைத் தேயிலை அதைச் சமன் செய்யும்.

கைப்பைப் புதியவர்கள் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஹாங்காங்கிலும் குவாங்டோங்கிலும் தெருமுனைக் கடைகளில் லியாங்சா என்ற குளிர்ச்சித் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். கறுப்பாக, கசப்பாக இருக்கும். புழுக்கம் மிகுந்த ஊர்களில் உடல் சூட்டைத் தணிக்கக் குடிப்பது. 2006-இல் சீன அரசு அதைத் தேசியப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. நம் நிலவேம்புக் குடிநீர் அதே கசப்புக்காரன். நிலவேம்போடு சுக்கு, மிளகு, வெட்டிவேர், சந்தனம் என ஒன்பது சரக்கு சேர்ந்தது. அது மருந்து. டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசு மருத்துவமனைகளில் அதைக் கொடுத்தார்கள் என்பதற்காக, தேநீருக்கு மாற்றாக ஆண்டு முழுவதும் குடிப்பது சரியல்ல.

கொதிக்க வைப்பதா, மூடி வைப்பதா

ஒரே சரக்கு இரண்டு வீட்டில் இரண்டு சுவை தருவதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ச்சும் முறை. வேர், பட்டை, கிழங்கு, உலர்ந்த பழம் ஆகியவை கெட்டியானவை. பத்து முதல் இருபது நிமிடம் சிறுதீயில் கொதித்தால்தான் சத்தும் சுவையும் இறங்கும். பூவும் இலையும் மென்மையானவை. கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் மிஞ்சும். இரண்டும் கலந்த தேநீர் என்றால் வரிசை முக்கியம். முதலில் சுக்கு, இலந்தை, அதிமதுரம். அவை கொதித்து நிறம் மாறியதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பூவையும் துளசியையும் போட்டு மூட வேண்டும். தேன் சேர்க்கிறவர்கள் டம்ளரில் ஊற்றி, வாய் பொறுக்கும் சூடு வந்தபிறகு சேர்க்கலாம்.

நிறத்தை மட்டும் தரும் சரக்கும் உண்டு. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் சாப்பாட்டுக் கடைகளில் இளஞ்சிவப்பாகத் தரும் வெந்நீரில் இருப்பது பதிமுகம் என்ற மரத்தின் சீவல். சீன மருத்துவத்துக்கும் அது பழக்கமான மரம்தான். சுவை ஏறக்குறைய இல்லை. செவ்வந்தித் தேநீரில் ஒரு சீவலைப் போட்டால் கோப்பை சிவந்து பார்க்க அழகாகிவிடும். நாக்கில் எந்த மாற்றமும் தெரியாது.

முதல் நான்கு கோப்பைகள்

கலவைக்குப் போகுமுன் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே ருசிக்க வேண்டும். அரை டம்ளர் வெந்நீரில் ஒரே ஒரு சரக்கு. இனிப்பு எதுவும் சேர்க்காமல். சூடாக ஒரு மடக்கு, ஆறியபின் ஒரு மடக்கு. நாக்கில் முதலில் வந்தது என்ன, விழுங்கிய பின் நின்றது என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்தால் அதுவே பிறகு கைவசமுள்ள நூலாகிவிடும். அதன்பின் கலவை. முன்னால் நிற்க ஒரு சுவை, அதைத் தாங்க ஒரு சுவை, மேலே ஒரு மணம் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வது புதியவர்களுக்கு நல்லது. பத்துச் சரக்கைக் கொட்டினால் எது நன்றாக இருந்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதல் கோப்பை, வீட்டுச் சுக்குக் காப்பி: இரண்டு டம்ளர் தண்ணீருக்குத் தட்டிய சுக்கு ஒரு விரல்நுனி, மல்லி ஒரு தேக்கரண்டி, கருப்பட்டி ஒரு சிறு துண்டு. இரண்டாவது, சீன முறையில்: கொட்டை நீக்கிய இலந்தை மூன்று, கோஜி ஒரு தேக்கரண்டி, இறக்கியபின் செவ்வந்தி ஐந்து பூ. மூன்றாவது, புளிப்பு விரும்புகிறவர்களுக்கு: நெல்லிமுள்ளி இரண்டு சில்லு, அதிமதுரம் நகத்தளவு, இறக்கியபின் எலுமிச்சைப் புல் நாலு துண்டு. நான்காவது, மூன்று சரக்குக் கலவை பழகியபின், இரண்டு நாட்டுக்கும் பொதுவானது: ஒரு கிராம்பு, நகத்தளவு இலங்கைப் பட்டை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு, இறக்கியபின் ஒரு சிட்டிகைத் தேயிலை.

யார் கவனமாக இருக்க வேண்டும்

சுவைக்காகக் குடிப்பதாலேயே ஒரு மூலிகை உடம்பில் வேலை செய்யாமல் இருந்துவிடாது. அதிமதுரத்தை நாள்தோறும் நிறையக் குடித்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கோஜி ஆகாது. மாத்திரையின் வேகத்தை அது கூட்டிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. செவ்வந்திக் குடும்பப் பூக்களால் தும்மலோ தடிப்போ வருகிறவர்கள் செவ்வந்தித் தேநீரையும் விட்டுவிட வேண்டும். அன்னாசிப்பூவைத் தேநீரில் போடுகிறவர்கள் நம்பகமான கடையில் மட்டும் வாங்க வேண்டும். அச்சு அசலாக அப்படியே இருக்கும் ஜப்பானிய வகை ஒன்று நஞ்சு. கைக்குழந்தைகளுக்கு அன்னாசிப்பூத் தேநீர் கொடுக்கவே கூடாது.

மருத்துவாமலைக்குப் போகிறவர்கள் அங்கே கண்ட செடியைப் பறித்துவந்து காய்ச்சுவதும் வேண்டாம். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்ற நம்பிக்கையும், அங்கே மூலிகைகள் நிறைந்திருக்கின்றன என்ற செய்தியும் ஊரறிந்தவை. ஆனால் இலையைப் பார்த்து இனம் சொல்லப் படித்தவர்கள் வேண்டும். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும், முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கும் மாவட்டம் இது. நாள்பட்ட நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் புதுச் சரக்கைத் தொடங்குமுன் அங்கே கேட்டுக்கொள்வது எளிது.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

கோட்டாறு கம்போளத்திலும் வடசேரிச் சந்தைப் பக்கத்திலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, மல்லி, மிளகு, கிராம்பு, பட்டை, அதிமதுரம், சித்தரத்தை, நெல்லிமுள்ளி எல்லாம் கிடைக்கும். "அண்ணாச்சி, காப்பிக்குப் போடணும், மருந்துக்கு இல்லை; இருபத்தஞ்சு கிராம் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பொடிக்குப் பதில் முழுச் சரக்கை எடுத்துத் தருவார்கள். கையில் வாங்கி முகர்ந்து பார்ப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீனச் சரக்கைப் பொட்டலமாக வாங்கும்போது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், காலாவதி நாள், தாவரப் பெயர் மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோஜியும் இலந்தையும் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் மின்னினால் சாயமோ கந்தகப் புகையோ பட்டிருக்கக்கூடும். சற்று மங்கிய நிறமே இயல்பு. ஒரு பழத்தை வெந்நீரில் போட்டதும் தண்ணீர் உடனே சிவந்துவிட்டால் அந்தப் பொட்டலத்தை விட்டுவிடலாம்.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதிக் காலம் காற்றில் ஈரம். அரைக் கிலோ செவ்வந்தி வாங்கிவைத்தால் தீருமுன் பூசணம் பூத்துவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி, வாங்கிய தேதியை ஒட்டிவைக்க வேண்டும். பூவையும் கிராம்பையும் ஒரே அலமாரித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூவில் கிராம்பு வாசனை ஏறிவிடும். தனித்தனித் தட்டு நல்லது. வேர்களும் பட்டைகளும் ஓராண்டு தாங்கும். பூவும் இலையும் ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். வாசனை போன பூவைக் கூடுதலாகப் போட்டு ஈடுகட்ட முயன்றால் கைப்பு மட்டும்தான் கூடும்.